தொழுவமா, பால்பொடியா

லெம்விக், 11 ஜனவரி 1998

யெப்பே,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். மனுஷர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கன்றுகள்தான் செத்துக்கொண்டிருக்கின்றன.

அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து ஊரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நீ வாய் திறந்தாயே, "அந்தத் தொழுவத்த இடிச்சுத் தள்ளுங்க, காத்தே வராது, அப்பாவுக்கு மாடு தெரிஞ்ச அளவுக்குக் கட்டடம் தெரியாது" என்று. அதை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. இரண்டு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது எழுதுவதும் பாசம் பொங்கி அல்ல. எனக்குத் தெரிந்தவர்களில், பீட்ரூட் சோதனை வயலில் வேலை பார்த்து இந்த மாதிரிக் கணக்குப் போடத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான், என்ன செய்வது.

போன குளிர்காலத்திலேயே கன்றுகள் கழிந்து கழிந்து செத்தன. உன் அத்தான் தோர்கில், தொழுவம்தான் காரணம் என்றார். நான் அவர் மூட்டை மூட்டையாக வாங்கி வருகிற பால்பொடிதான் காரணம் என்றேன். கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கடைசியில் அவர், "பேசிப் புண்ணியம் இல்ல, முறையா சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார். இந்த இலையுதிர்காலத்தில் பிறந்த முப்பத்திரண்டு கன்றுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தார். பாதி அப்பா கட்டிய தொழுவத்தில், பாதி வெளியே வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டுகளில். இரண்டு இடத்திலும் பாதிக்குக் கறந்த பால், பாதிக்குப் பால்பொடி. ஆக நாலு கூட்டம், கூட்டத்துக்கு எட்டுக் கன்று. பால் மறக்கடிக்கும்போது எடை பார்ப்பது என்று ஏற்பாடு. அந்த மனுஷரிடம் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் இந்தச் சோதனையை அவர் கோணல் இல்லாமல் செய்தார்.

அதில் பத்து செத்துவிட்டது. "தொழுவத்துல ஆறு, வெளியில நாலு. உங்கப்பா கட்டினது கல்லறை" என்கிறார் அவர். "பொடி குடிச்சதுல ஆறு, பால் குடிச்சதுல நாலு. நீங்க கலக்கிக் குடுக்கறது விஷம்" என்கிறேன் நான். இரண்டு கணக்கும் சரி. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் நாய் வழியாகத்தான். "ரோலோ, கிழங்கு ஆறுதுன்னு உன் எஜமான்கிட்ட சொல்லு." "ரோலோ, எஜமானுக்குக் காது கேக்கும்னு அவகிட்ட சொல்லு." பாவம் அந்த நாய், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டுகிறது.

சிரிக்காதே. போன வருஷம் அவர் இரண்டு வாரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தது உனக்குத் தெரியாது. டாக்டர் மாத்திரை கொடுத்துத்தான் எழுந்தார். மறுபடியும் அப்படிப் படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது ஒருத்தர் தோற்றால்தான் இந்த வீட்டில் இனிப் பேச்சு வரும். தொழுவம்தான் என்றால் நானே புல்டோசரைக் கூப்பிடுகிறேன். பொடிதான் என்றால் அவர் மூட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் வந்து பேசட்டும்.

நாலு கூட்டத்தின் சராசரி எடையும் இந்த ஃபிளாப்பியில் இருக்கிறது. தொழுவத்தின்மேல் உனக்குப் பகை உண்டு என்று தெரியும். அதனால் உன் கருத்து எனக்கு வேண்டாம். எக்செல் என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுது.

டாக்னி


நாக்ஸ்கவ், 16 ஜனவரி

அக்கா,

உறையைப் பிரிக்காமல் முதலில் ஒரு காபி குடித்தேன். பிரித்து இரண்டு முறை படித்துவிட்டு இன்னொன்று குடித்தேன். கன்றுகளுக்காக வருந்துகிறேன். அத்தானுக்காகவும். அப்பாவின் அடக்கத்தில் நான் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, நீ கேட்கவில்லை என்பதால் எழுதவில்லை.

கணக்குக்கு வருகிறேன். நாலு சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பால் கூட்டுறவுக்குக் கணக்கு அனுப்பி அனுப்பி உங்கள் எல்லோருக்கும் எதைக் கேட்டாலும் சராசரியாகச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்குள்ளேயே கன்றுக்குக் கன்று எடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிந்தால்தான், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் உண்மையா, சும்மா வந்ததா என்று சொல்ல முடியும். அதற்குப் பெயர் இருவழி அனோவா. இடம் ஒரு வழி, தீனி இன்னொரு வழி. எக்செல் அதில் மூன்று பதில் கொடுக்கும். இடத்தால் வித்தியாசம் உண்டா, தீனியால் உண்டா, இரண்டும் சேரும்போது தனியாக ஏதாவது ஆகிறதா. சராசரியை மட்டும் போட்டால் மூன்றாவது பதில் வரவே வராது.

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கட்டம் வேண்டும். இடது ஓரத்தில் தொழுவம், அதன் கீழே கூண்டு. மேலே பால், பக்கத்தில் பொடி. முப்பத்திரண்டு கட்டம்.

தொழுவத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. இருந்தாலும் இந்தக் கணக்கில் அதை நுழைய விடமாட்டேன். அந்த அளவுக்காவது என்னை நம்பு.

யெப்பே


லெம்விக், 24 ஜனவரி

யெப்பே,

வாத்தியார் வேலையைக் காட்டிவிட்டாய். இருக்கட்டும். முப்பத்திரண்டு கட்டமும் போட்டு அனுப்பியிருக்கிறேன். பத்துக் கட்டம் காலியாக இருக்கும். அவை எவை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்ததற்கு எடை கிடையாது.

ஒற்றை விரலால் தட்டி முடிக்க ஒரு நாள் ஆயிற்று. நடுவில் தோர்கில் பின்னால் வந்து நின்று, "ரோலோ, அவ யாருக்கு அனுப்பறா?" என்றார். "ரோலோ, என் தம்பிக்கு" என்றேன். பிறகு, "அந்தப் பீட்ரூட்காரன் நியாயமா சொல்லுவான்" என்று நாயிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் இது முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது, யெப்பே. ராத்திரி அவர் தூங்குவதில்லை. நானும் தூங்குவதில்லை. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறோம்.

சீக்கிரம் எழுது.

டாக்னி


நாக்ஸ்கவ், 30 ஜனவரி

அக்கா,

முடிந்தது. காகிதத்தில் அச்சடித்து இணைத்திருக்கிறேன், அத்தானிடமும் காட்டு.

ஒரு சிக்கல் வந்தது. காலிக் கட்டம் இருந்தால் எக்செல் இந்தக் கணக்கைப் போடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இங்கே பீட்ரூட் சோதனை வயலில் ஒரு துண்டை முயல் மேய்ந்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். அந்தக் கூட்டத்தில் மீதி இருப்பவற்றின் சராசரியைக் காலிக் கட்டத்தில் நிரப்பினேன். பாடப்புத்தகத்தில் உள்ள முறைதான். பத்து என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் வேறு வழி இல்லை. தொழுவத்துக்கு எதிராக ஒரு கிராம்கூடச் சாய்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

பதில் இதுதான். தொழுவத்துக்கும் கூண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பாலுக்கும் பொடிக்கும் வித்தியாசம் இல்லை. சேர்ந்தாலும் தனியாக ஒன்றும் இல்லை. மூன்று வரியிலும் கடைசியில் உள்ள எண் 0.05-க்கு வெகு மேலே இருக்கிறது, பார். உண்மையான வித்தியாசம் என்று சொல்ல அது அதற்குக் கீழே வர வேண்டும்.

நீ கேட்டது ஒரு குற்றவாளியை. என்னிடம் இல்லை. கெட்ட காலம், ஏதோ நோய்க்கிருமி. அப்பாமேலும் தப்பில்லை, அத்தான்மேலும் தப்பில்லை.

இதை எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யெப்பே


லெம்விக், 12 பிப்ரவரி

அன்புத் தம்பி,

பார், இப்படி எழுத வைத்துவிட்டாய்!

உன் காகிதம் வந்ததும் முதலில் எனக்கு எரிச்சல்தான். இத்தனை கன்று செத்து, இத்தனை சண்டை போட்டு, கடைசியில் யாருமே தோற்கவில்லையா என்று. அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தோர்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, நாயைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து, "அப்ப நான் கொல்லல, டாக்னி" என்றார். யெப்பே, அந்த மனுஷர் இத்தனை நாளும் இதைத்தான் நெஞ்சில் வைத்து மருகிக்கொண்டிருந்தார். என்னோடு சண்டை போட்டதெல்லாம் அதை மறைக்கத்தான். "நீங்களும் இல்ல, எங்கப்பாவும் இல்ல" என்றேன். அழுதுவிட்டார். நானும்.

இப்போது வீடு வீடாக இருக்கிறது. பழையபடி பாட்டுப் பாடிக்கொண்டு பால் கறக்கிறார், குரல் கேட்கச் சகிக்காது, ஆனாலும் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். உன் காகிதத்தை ஃபிரேம் போட்டுத் தொழுவத்து வாசலில் மாட்டிவிட்டார். பக்கத்துப் பண்ணை ஈடித் வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, கல்யாணச் சர்டிபிகேட்டா?" என்றாள். "அதுக்கும் மேல" என்றார் இவர்.

பிப்ரவரிக் கன்றுகள் வர ஆரம்பித்துவிட்டன. பதினொன்று இருக்கிறது. எங்கே விடுவது என்று பேச்சு வந்தபோது அவர் சொன்னதைக் கேள். "எதுலயும் வித்தியாசம் இல்லன்னு ஆயிடுச்சு. உங்கப்பா தொழுவம், என்னோட பொடி. ரெண்டு பேருக்கும் மரியாதை." நான் அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். பனியில் கூண்டு கூண்டாக வாளி தூக்கிக்கொண்டு ஓட அவர் முதுகும் இனித் தாங்காது. பதினொன்றையும் தொழுவத்தில் விட்டுப் பொடி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஈஸ்டருக்கு வாயேன். அடக்கத்தில் நீ பேசியதை ஈஸ்டர் வரை மறந்திருக்கிறேன், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் டாக்னி


நாக்ஸ்கவ், 15 பிப்ரவரி

அக்கா,

உட்கார்ந்து படி. கன்றுகளைத் தொழுவத்திலிருந்து வெளியே எடு. அது முடியாவிட்டால் பொடியை நிறுத்திப் பால் கொடு. இரண்டில் ஏதாவது ஒன்றை இன்றைக்கே செய். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் வந்ததும் போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். "அடேய் பீட்ரூட்! உன் பேப்பர ஃபிரேம் போட்டு மாட்டிருக்கேன்டா, வந்து பாரு!" என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. நீ எங்கே என்று கேட்டேன், பால் கறக்கிறாய் என்றார், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இது தபாலில் வருகிறது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

"உங்கப்பா தொழுவம், என்னோட பொடி" என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் ஃபைலைத் திறந்து அந்த ஒரு மூலையை மட்டும் பார்த்தேன். தொழுவம், பொடி. எட்டுக் கட்டம். அதில் மூன்றுதான் நீ எடை போட்டு எழுதியது. மீதி ஐந்தும் நான் நிரப்பியது. செத்த ஐந்து கன்றுகளுக்கு, தப்பிப் பிழைத்த மூன்று முரட்டுக் கன்றுகளின் எடையைக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் அந்தக் கூட்டம் மற்றவற்றைப் போலவே நன்றாகத் தெரிந்தது. முயல் எந்தத் துண்டை மேயும் என்பதற்கும் நாங்கள் போடும் உரத்துக்கும் சம்பந்தம் இல்லை, அதனால் வயலில் அப்படி நிரப்பலாம், அதுவும் ஒன்றிரண்டு இடத்தில். உன் கன்றுகள் சும்மா காணாமல் போகவில்லை. எதைக் கண்டுபிடிக்கச் சொன்னாயோ அதனாலேயே செத்தன. நான் அந்தச் சாவுகளை அழித்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

காலிக் கட்டங்களில் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். சரியான முறை இல்லைதான், ஆனாலும் பார்த்தேன். இடத்தின் வரியில் ஒன்றும் இல்லை. தீனியின் வரியிலும் இல்லை. மூன்றாவது வரி, சேர்ந்தால் என்ன என்கிற வரி, 0.02-க்கு இறங்கிவிட்டது.

எக்செல்லே வேண்டியதில்லை, அக்கா. உன் முதல் கடிதத்திலேயே எல்லாம் இருந்தது. அத்தானின் ஆறும் உன் ஆறும் வேறு வேறு கன்றுகள் என்று நினைத்துத்தானே சண்டை போட்டீர்கள்? அதில் ஐந்து ஒரே கன்றுகள். தொழுவத்தில் பால் குடித்ததில் ஒன்றுதான் செத்தது. கூண்டில் பொடி குடித்ததிலும் ஒன்றுதான். கூண்டில் பால் குடித்தவற்றில் மூன்று போனது, காற்றில் பால் ஆறிப்போகிறதோ என்னவோ. தொழுவமும் பொடியும் சேர்ந்த இடத்தில் ஐந்து. தனித்தனியாக இரண்டுமே குற்றமில்லை. சேர்ந்தால்தான் சாவு.

அத்தானிடம் நீயே சொல். இல்லையென்றால் நான் வந்து சொல்கிறேன்.

யெப்பே


லெம்விக், 19 பிப்ரவரி

யெப்பே,

உன் கடிதம் வரும்போதே மூன்று செத்துவிட்டது. இன்று காலையில் நாலாவது. அவற்றைத் தோர்கில் தள்ளுவண்டியில் எடுத்துப் போகும்போதும், "கிருமி, டாக்னி. யாரு என்ன பண்ண முடியும்? பேப்பரே சொல்லுது" என்கிறார். தெம்பாகச் சொல்கிறார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

மிச்சத்துக்குப் பால் கொடுக்கிறேன். அவர் பார்க்காத நேரத்தில் பொடி வாளியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கறந்த பாலை ஊற்றிவிடுகிறேன். என் வீட்டில் நானே திருடியாகிவிட்டேன். ஆனால் அவற்றின் வயிறு ஏற்கெனவே கெட்டுவிட்டது. தள்ளாடுகின்றன. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்ட முடியாது. "அப்ப நான் கொல்லல" என்று சொன்ன முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த முகத்திடம் போய், "நீங்கதான், போன தடவையும் இந்தத் தடவையும்" என்று எப்படிச் சொல்வேன்? சேர்ந்தால்தான் சாவு என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். சேர்த்தது யார்? நானும் அவருமாகச் சிரித்துக்கொண்டே சேர்த்தோம். சமாதானம் ஆனதைக் கொண்டாட அந்தப் பதினொன்றையும் அங்கே கட்டினோம். சண்டை போட்டுக்கொண்டே இருந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

எனக்கு ஒரு உதவி செய். ஜனவரியில் எனக்கு ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது தோற்க வேண்டும். தொழுவம்தான் காரணம், தொழுவம் மட்டும்தான், பொடியில் ஒன்றும் இல்லை என்று இன்னொரு காகிதம் அச்சடித்து அனுப்பு. முதல் காகிதத்தில் தப்பு நேர்ந்துவிட்டது என்று எழுது. நான் அதை அவரிடம் காட்டி, "எங்கப்பாதான், நான்தான், என் பிடிவாதம்தான்" என்று சொல்லிவிடுகிறேன். புல்டோசரையும் கூப்பிடுகிறேன். நீ ஆசைப்பட்டதுதானே, இடிக்க வேண்டும் என்று? இடிக்கிறேன்.

மறுக்காதே. வாழ்க்கையில் உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

டாக்னி


நாக்ஸ்கவ், 22 பிப்ரவரி

அக்கா,

இத்துடன் நீ கேட்ட காகிதம்.

தீனியின் வரியை அப்படியே விட்டுவிட்டேன். இடத்தின் வரியில் 0.01 என்று கையால் அடித்தேன். மூன்றாவது வரியை எடுத்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சோதனை வயலில் இத்தனை வருஷ வேலையில் ஒரு எண்ணைக்கூட நான் இப்படி மாற்றியதில்லை. முதல் காகிதத்தில் நல்ல மனதோடு பொய் சொன்னேன், இதில் தெரிந்தே சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அத்தான் முட்டாள் அல்ல. ஆனால் நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன், எனக்கு என்ன தெரியும்.

தொழுவத்தை அவசரப்பட்டு இடிக்காதே. அதில் பால் குடித்த எட்டில் ஏழு நன்றாக இருந்தன. அப்பா கட்டியதில் குற்றம் இல்லை. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு எனக்கே தெரியாது.

நான் கிளம்பி வரட்டுமா? கப்பலில் எப்போதும் இடம் கிடைக்கும்.

யெப்பே


லெம்விக், 8 மார்ச்

யெப்பே,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை என்பதுதான். இருந்தாலும் எழுதுகிறேன், நீ பாட்டுக்கு என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன் காகிதத்தைக் கொடுத்தேன். "தப்பு என் பக்கம்தான். எங்கப்பா தொழுவம்தான். நான்தான் விட்டுக்குடுக்கல" என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் படித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபம் இல்லையே என்று எனக்கு நிம்மதிகூட வந்தது.

மதியம் உள்ளே போனால், சமையலறை மேசையில் செத்த கன்றுகளின் காதில் இருந்த மஞ்சள் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பத்தும் எங்கே வைத்திருந்தாரோ தெரியாது. நாலு குவியலாகப் பிரித்திருந்தார். மூன்று குவியல் சின்னது. ஒன்றில் ஐந்து.

"யெப்பே நல்ல பையன். பொய் சொல்ல வரல அவனுக்கு" என்றார். "தொழுவம்தான் காரணம்னா, அதே தொழுவத்துல பால் குடிச்ச ஏழு எப்படிப் பொழச்சுது? அதுக எல்லாம் என் கையால வளந்தது, டாக்னி, எனக்குத் தெரியாதா?"

அவர் அந்த ஐந்து அட்டையையும் விரலால் என் பக்கம் தள்ளி, பிறகு தன் பக்கம் இழுத்து, மறுபடியும் என் பக்கம் தள்ளினார். "என்னோட ஆறுலயும் இதுங்க இருக்கு. உன்னோட ஆறுலயும் இதுங்கதான் இருக்கு. ரெண்டு பேரும் இதுங்களையேதான் எண்ணிருக்கோம்."

"தொழுவத்துல தப்பில்ல" என்றேன் நான், அழுதுகொண்டே. "பொடிலயும் தப்பில்ல."

"இல்ல" என்றார். "உங்கப்பா நல்லாத்தான் கட்டிருக்கார்." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர இத்தனை வருஷம் காத்திருந்தேன். வந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு, "எடைய எதுக்குப் பாத்தோம்? செத்தத எண்ணிருந்தாப் போதுமே" என்றார். என்னைக் கேட்கவில்லை, தானாகச் சொல்லிக்கொண்டார். எனக்கு அவரை உலுக்கிச் சண்டைக்கு இழுக்க வேண்டும் போல இருந்தது. எதை வைத்துச் சண்டை போடுவது? இனி இந்த வீட்டில் யார்மேலும் பழி போட முடியாது.

பதினொன்றில் நாலு பிழைத்தன. அவற்றைக் கூண்டுக்கு மாற்றியது நான்தான். தோர்கில் தொழுவத்துப் பக்கமே வருவதில்லை. பால் கறக்க ஈடித்தின் வேலையாளை வைத்திருக்கிறோம். மாடுகளை என்ன செய்யலாம் என்று கேட்டால், "உனக்குச் சரின்னு பட்டதச் செய்" என்கிறார். மரியாதையாகச் சொல்கிறார். நான் கதவைத் திறந்தால் நகர்ந்து வழி விடுகிறார். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ரோலோவிடம்கூட ஏதும் சொல்லி அனுப்புவதில்லை.

நீ வர வேண்டாம். வந்தால் அவர் உனக்குக் கைகொடுத்து, பயணம் எப்படி என்று கேட்பார், அதை நீ தாங்க மாட்டாய்.

நம் பக்கத்தில் யாரும் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லாமல் மேசையை விட்டு எழ மாட்டார்கள், உனக்குத் தெரியாததா. நாங்கள் பேசாமல் இருந்த அத்தனை வாரமும் அவர் அதை ஒரு வேளைகூட விட்டதில்லை. சுவரைப் பார்த்து ஒரு உறுமல் உறுமிவிட்டுத்தான் போவார். நானும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "சரி சரி" என்று பதிலுக்கு உறுமுவேன். நேற்று பன்றி இறைச்சியும் வோக்கோசு இலைக் குழம்பும் வைத்தேன், அவருக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டார். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தார். நாற்காலியைச் சத்தம் இல்லாமல் உள்ளே தள்ளிவிட்டு மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் அடுப்பைப் பார்த்து "சரி சரி" என்றேன்.

டாக்னி